தராசுக்கு முத்திரை உண்டு, மென்பொருளுக்கு?

நமது வர்த்தகர்களில் கணிசமானோர் இன்று ஏதோ ஒரு வகையில் இணையத்தின் ஊடாகவும் வியாபாரம் செய்கிறார்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரி வெளியூர்க் கடைகளின் ஓடர்களை இணையத்தளத்தில் எடுக்கிறார். அக்குறணையிலும் கல்முனையிலும் உள்ள கடைகள் வீட்டுக்கே பொருளை அனுப்பி வைக்கின்றன. பில் போடுவது, ஸ்டொக் பார்ப்பது, கடன் கணக்கு வைப்பது என்று எல்லாமே எங்கோ ஒரு சேர்வரில் இருக்கும் மென்பொருளில்தான் நடக்கின்றன.

இந்த மென்பொருளைச் செய்து தருபவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஒரு தம்பியாக இருப்பார். ஏதாவது மாற்றம் தேவைப்பட்டால் அவருக்கு ஒரு கோல் எடுக்கிறோம். அவர் இருந்த இடத்திலிருந்தே லெப்டொப்பைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிலேயே நேரடியாகக் கை வைக்கிறார். பத்து நிமிடத்தில் "சரி நானா, இப்ப பாருங்க" என்கிறார். நாமும் ஒரு பில்லைப் போட்டுப் பார்க்கிறோம். சரியாக வருகிறது. அத்தோடு விடயம் முடிந்தது என்று நினைக்கிறோம்.

அங்கேதான் விடயம் ஆரம்பிக்கிறது. கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற வகையில், முதலாளிமாரிடம் நான் அடிக்கடி சொல்லும் ஒரு விளக்கத்தை இங்கு சற்று விரிவாகத் தருகிறேன்.

கடையில் உள்ள தராசை எடுத்துக்கொள்ளுங்கள். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின் கீழ், வியாபாரத்துக்குப் பயன்படும் தராசும் படிக்கற்களும் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். பரிசோதிக்க வருபவர் எடை தெரிந்த ஒரு படிக்கல்லை வைக்கிறார். தராசு அதே எடையைக் காட்டுகிறதா என்று பார்க்கிறார். "இந்தத் தராசைச் செய்தவர் நல்ல மனிதர்" என்ற பதிலை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. நாமும் அதை எதிர்பார்ப்பதில்லை.

மென்பொருளும் ஒரு தராசுதான். அது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை நமக்காகக் கணக்குப் பார்க்கிறது. தராசாவது ஒரு தடவை செய்தால் அப்படியே இருக்கும். மென்பொருளோ மாதத்தில் பல தடவை பிரித்துப் பூட்டப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் படிக்கல் வைத்துப் பார்க்க வேண்டாமா? இந்த வேலையை மனிதர்களிடம் விடாமல் கணினியே செய்யும் முறைதான் தானியங்கிப் பரிசோதனையும் தானியங்கி நிறுவலும் ஆகும். மென்பொருள் துறையில் இதனை 'சீ.ஐ., சீ.டீ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஒரு வீத மாற்றத்தில் ஒளிந்திருப்பவை

நமது நாட்டு வர்த்தகர்களுக்கு நன்கு பழக்கமான வற் வரியையே உதாரணமாகப் பார்ப்போம். 2019 டிசம்பர் 1ஆம் திகதி இது 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூன் 1ஆம் திகதி 12 வீதமாகவும், அதே வருடம் செப்டெம்பர் 1ஆம் திகதி 15 வீதமாகவும் உயர்ந்தது. 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 வீதமானது. ஐந்து வருடங்களுக்குள் நான்கு மாற்றங்கள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வற் பதிவுள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளிலும் யாரோ ஒருவர் கை வைக்க நேர்ந்தது.

'15 என்று இருக்கும் இடத்தில் 18 என்று போட்டால் சரிதானே' என்று தோன்றும். பின்வரும் மூன்று சந்தர்ப்பங்களைப் பாருங்கள்.

முதலாவது, திரும்பி வரும் பொருள். 2023 டிசம்பர் 20ஆம் திகதி 1,000 ரூபா பெறுமதியான பொருளை 15 வீத வரியோடு 1,150 ரூபாவுக்கு விற்றீர்கள். ஜனவரி 5ஆம் திகதி வாடிக்கையாளர் அதைத் திருப்பித் தருகிறார். மென்பொருளில் 15ஐ அழித்து 18 என்று மட்டும் எழுதியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் தொகை 1,180 ரூபா என்று காட்டும். ஒரு பொருளுக்கு 30 ரூபா கையிலிருந்து போகிறது. வரிக் கணக்கும் பிழைக்கிறது.

இரண்டாவது, வரி உள்ளடங்கிய விலை. லேபலில் 1,180 ரூபா என்று வரியையும் சேர்த்து ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் வரி 180 ரூபா. 1,180ஐ 118ஆல் பிரித்து 18ஆல் பெருக்க வேண்டும். அவசரத்தில் 1,180 ரூபாவுக்கே 18 வீதம் பார்த்தால் 212 ரூபா 40 சதம் வரும். ஒவ்வொரு பில்லிலும் 32 ரூபா 40 சதம் பிழை.

மூன்றாவது, நேரம். வெளிநாட்டில் உள்ள சேர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் சர்வதேச நியம நேரத்தில் ஓடும். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. 2024 ஜனவரி 1ஆம் திகதி அதிகாலை 2 மணிக்கு இணையத்தில் வந்த ஓடர், அந்த சேர்வருக்கு 2023 டிசம்பர் 31ஆம் திகதி இரவு 8.30க்கு வந்ததாகும். திகதியைப் பார்த்து வீதத்தைத் தீர்மானிக்கும் மென்பொருள் பழைய வரியையே போட்டுவிடும். நோன்பு காலத்தில் நள்ளிரவு தாண்டியும் ஓடர் எடுக்கும் கடைகளில் இதே காரணத்தால் ஒரு நாளின் விற்பனை முந்திய நாளின் கணக்கில் போய் விழுவதுண்டு.

இந்த மூன்றும் பகலில் ஒரு சாதாரண பில்லைப் போட்டுப் பார்த்தால் தெரிய வராதவை. நாம் பார்த்த பில் சரியாக இருக்கும். பார்க்காத பில்தான் பிழைக்கும்.

சந்தேகம் மனிதர் மீது விழும்போது

நட்டம் காசோடு மட்டும் நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். விலைக்கழிவைக் கழித்த பின்னரே வரி பார்க்க வேண்டும் என்று கணக்காளர் சொன்னதால், பில் போடும் பகுதியில் அதைத் திருத்தினார்கள். 1,000 ரூபா பொருளுக்கு 10 வீதக் கழிவு போக 900 ரூபா, அதற்கு 18 வீத வரி 162 ரூபா, மொத்தம் 1,062 ரூபா. இது சரி. ஆனால் நாள் முடிவில் வரும் அறிக்கை பழைய முறையிலேயே கணக்குப் பார்த்தது. 1,000 ரூபாவுக்கும் வரி பார்த்து, பின்னர் 100 ரூபாவைக் கழித்து 1,080 ரூபா என்றது.

கழிவு கொடுத்த ஒவ்வொரு பில்லுக்கும் லாச்சியில் காசு குறைவதாக அறிக்கை காட்டியது. ஒரு நாள் சில நூறு ரூபா, மறுநாள் ஆயிரத்துக்கும் மேல். கணினி பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில், முதலாளியின் பார்வை காசாளராக இருந்த இளைஞர் மீது திரும்பியது. எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் கடையில் எல்லோருக்கும் விளங்கியது. சில வாரங்கள் கழித்து ஒவ்வொரு பில்லாக எடுத்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்கிடையில் அந்த இளைஞர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

'அன்றைய பில்களின் கூட்டுத்தொகையும் நாள் அறிக்கையின் தொகையும் சமமாக இருக்கின்றனவா?' என்ற ஒரேயொரு பரிசோதனை அந்த மென்பொருளில் இருந்திருந்தால், திருத்தம் கடைக்கு வருவதற்கு முன்னரே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். ஒருவரின் அமானிதத்தின் மீது சந்தேகம் விழுந்திருக்காது.

பெரிய இடங்களிலும் இதுதான்

'நம்மைப் போன்ற சிறியவர்களுக்குத்தான் இப்படி நடக்கும், பெரிய நிறுவனங்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்' என்று எண்ண வேண்டாம்.

2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் நைட் கெப்பிட்டல் என்ற பங்குத் தரகு நிறுவனம் தனது எட்டு சேர்வர்களில் புதிய மென்பொருளைப் போட்டிருந்தது. ஊழியர் ஒருவர் கையால் பிரதி செய்ததில் ஏழில் போட்டு ஒன்றை விட்டுவிட்டார். அதை மற்றொருவர் சரிபார்க்கும் நடைமுறையும் இருக்கவில்லை. விடுபட்ட அந்த ஒரு சேர்வரில் பல வருடங்களாகப் பாவிக்கப்படாதிருந்த பழைய நிரல் ஒன்று உயிர் பெற்று, தானாகவே பங்குகளை வாங்கி விற்கத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் ஏற்பட்ட நட்டம் 46 கோடி டொலருக்கும் அதிகம்.

இச்சம்பவத்தில் நான் முக்கியமாகக் கருதுவது வேறு இரண்டு விடயங்கள். சந்தை திறப்பதற்கு முன்னரே அந்த நிறுவனத்தின் கணினிகள் பிழையைச் சுட்டிக்காட்டி 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தன. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. அடுத்தது, பதற்றத்தில் பிழையை நிறுத்த முயன்றவர்கள், சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய மென்பொருளை நீக்கினார்கள். நிலைமை மேலும் மோசமானது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2013 ஒக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரித்தானியாவில் நடந்தது. அமேசன் தளத்தில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள் பலர் தமது விலைகளைத் தானாக மாற்றியமைக்க ரீப்ரைசர் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருளைப் பாவித்து வந்தார்கள். 2014 டிசம்பர் 12ஆம் திகதி, நத்தார் சீசன் மும்முரமாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், அதில் ஏற்பட்ட கோளாறினால் ஏராளமான பொருட்களின் விலை ஒரு பென்ஸ் என்று மாறியது. மக்கள் அள்ளிக்கொண்டார்கள். பெரும்பாலான ஓடர்களை அமேசன் இரத்துச் செய்தாலும், அமேசனின் களஞ்சியங்களிலிருந்து ஏற்கனவே அனுப்பப்பட்டவை போனவைதான். 'எந்த விலையும் வாங்கிய விலைக்குக் கீழே போகக் கூடாது' என்ற ஒரு தடுப்பு அங்கு வேலை செய்திருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் சாதாரணமாகக் கழிந்திருக்கும்.

தானியங்கிப் பரிசோதனை என்பது என்ன?

பரிசோதனையும் ஒரு சிறிய நிரல்தான். விடை தெரிந்த ஒரு கணக்கை மென்பொருளுக்குக் கொடுத்து, அதே விடை வருகிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. '1,000 ரூபா பொருள், 10 வீதக் கழிவு, 18 வீத வரி. 1,062 வர வேண்டும்.' வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு. இப்படி நூற்றுக்கணக்கான கணக்குகளை ஒரு சில நிமிடங்களில் கணினி பார்த்து முடித்துவிடும். இன்றைக்குச் செய்த திருத்தத்தை மட்டும் பார்க்காமல், இதுவரை சரியாக இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் மீண்டும் பார்க்கும். மனிதர்களால் சலிப்பில்லாமல் செய்ய முடியாத வேலை இதுதான்.

இவற்றில் மூன்று மட்டங்கள் உள்ளன. முதலாவது கணக்குகளைத் தனியே பார்ப்பது. இவை மிக வேகமானவை. அதிகமாக இருக்க வேண்டியவை. இரண்டாவது, பில், ஸ்டொக், கடன் கணக்கு ஆகிய பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. மேலே சொன்ன காசாளரின் விடயம் இந்த மட்டத்தில் பிடிபட வேண்டியது. மூன்றாவது, கணினியே ஒரு வாடிக்கையாளரைப் போல இணையத்தளத்தைத் திறந்து, பொருளைத் தெரிவு செய்து, விலாசத்தை எழுதி, ஓடரைக் கொடுத்துப் பார்ப்பது. இவை மெதுவானவை, பத்துப் பதினைந்து இருந்தால் போதும். நமது நாட்டில் பரவலாகப் பாவிக்கப்படும் பீ.எச்.பி. மொழிக்கு பீ.எச்.பி. யுனிட் என்ற இலவசக் கருவி உண்டு. வாடிக்கையாளரைப் போல நடந்து பார்ப்பதற்கு 2004இல் தொடங்கிய செலீனியம், 2020இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பிளேரைட் போன்றவை உள்ளன. இவையும் இலவசமே.

பட்டியலை எழுத வேண்டியவர் முதலாளிதான்

நான் வலியுறுத்த விரும்பும் விடயம் இது. பரிசோதனை நிரலை எழுதுவது தம்பியின் வேலை. எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்வது நமது வேலை. பொருள் திரும்பி வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பது வியாபாரம் செய்பவருக்குத்தான் தெரியும். கணினி படித்த இளைஞருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு சாதாரண கடைக்கு நான் சிபாரிசு செய்யும் ஆரம்பப் பட்டியல் இது:

1. வரி சேர்க்காத விலை, வரி உள்ளடங்கிய விலை, வரி இல்லாத பொருள் ஆகிய மூன்றும் ஒரே பில்லில் வந்தால் மொத்தம் எவ்வளவு?

2. விலைக்கழிவு இருக்கும்போது வரி எவ்வளவு?

3. வீதம் மாறிய திகதிக்கு முன் விற்ற பொருள், பின்னர் திரும்பி வந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

4. ஸ்டொக்கில் ஒரேயொரு பொருள் இருக்கும்போது இருவர் ஒரே நேரத்தில் ஓடர் கொடுத்தால் ஒருவருக்கு மட்டும் போகிறதா?

5. எண்ணிக்கையில் பூச்சியம் அல்லது கழித்தல் எண்ணை யாராவது அடித்தால் மென்பொருள் மறுக்கிறதா?

6. வாடிக்கையாளர் கார்ட் மூலம் பணம் செலுத்தியவுடன் அவரது இணைப்பு அறுந்துவிட்டால், ஓடர் 'பணம் கிடைத்தது' என்று பதிவாகிறதா? பேஹியர் போன்ற கட்டணச் சேவைகள் உண்மையான பணம் இல்லாமல் இதைச் செய்து பார்க்கப் பரீட்சார்த்தக் கணக்கு வசதி தருகின்றன.

7. கடன் எல்லையைத் தாண்டிய கடைக்காரருக்கு மேலும் கடன் பில் போக முடியாமல் இருக்கிறதா?

8. வாங்கிய விலைக்குக் கீழே விலை போனால் தடுக்கப்படுகிறதா?

9. அன்றைய பில்களின் கூட்டுத்தொகை நாள் அறிக்கையோடு ஒத்துப்போகிறதா?

10. காசாளராக உள்ளே வந்தவர் வாங்கிய விலையைப் பார்க்கவோ பழைய பில்லை அழிக்கவோ முடியாமல் இருக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கையால் கணக்குப் பார்த்து எழுதிக் கொடுங்கள். அதைக் கணக்காளரிடம் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏனெனில் பரிசோதனைக்கு நாம் கொடுத்த விடையே பிழையாக இருந்தால், கணினி அந்தப் பிழைக்குத்தான் பச்சை முத்திரை குத்தும். பட்டியலில் இல்லாத ஒன்றையும் அது பார்க்கப்போவதில்லை.

கடைக்குள் வரும் பாதை

பரிசோதனைக்கு அடுத்தது நிறுவல். அதாவது, திருத்திய மென்பொருளைக் கடை பாவிக்கும் சேர்வரில் கொண்டுபோய் வைப்பது. நம்மவர்கள் பெரும்பாலும் எஃப்.டீ.பி. முறையில் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறார்கள். 2022இல் மின்வெட்டு நிலவிய மாதங்களில் இதன் ஆபத்தைப் பலர் நேரில் கண்டார்கள். நூறு கோப்புகளில் அறுபது ஏறியவுடன் இணைப்பு அறுந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஒரு மென்பொருளில் கடை ஓடும். நைட் கெப்பிட்டலின் எட்டாவது சேர்வரும் இதே வகைதான்.

ஒழுங்கான பாதை இப்படி இருக்க வேண்டும். தம்பி தனது கணினியில் திருத்தத்தைச் செய்து, கிட்ஹப் அல்லது கிட்லெப் போன்ற நிரல் களஞ்சியத்தில் சேர்க்கிறார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அங்கு பதிவாகிவிடும். சேர்த்த உடனேயே அந்தச் சேவை ஒரு புதிய கணினியை இயக்கி, மென்பொருளை முதலிலிருந்து அதில் பொருத்தி, எல்லாப் பரிசோதனைகளையும் ஓட்டுகிறது. ஒன்று சிவப்பானாலும் பாதை அங்கேயே மூடப்படும். அவசரம், பெருநாள் சீசன், முதலாளி கோல் எடுக்கிறார் என்ற எந்தக் காரணத்துக்கும் அது திறக்காது.

எல்லாம் பச்சையானால் திருத்தம் முதலில் ஓர் ஒத்திகைத் தளத்துக்குப் போகும். உண்மையான தளத்தைப் போலவே இருக்கும். ஆனால் வாடிக்கையாளர்கள் வர மாட்டார்கள். அங்கே காசாளரும் நீங்களும் ஒரு தடவை பார்த்துச் சரி என்று சொன்ன பின்னர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மிகுதியைக் கணினி செய்யும். தரவுகளின் பிரதி ஒன்றை எடுத்து வைக்கும். புதிய மென்பொருளைப் பழையதற்குப் பக்கத்தில் வேறொரு கோப்புறையில் முழுமையாக அடுக்கும். அடுக்கி முடிந்த பின்னரே வாசலைப் புதியதன் பக்கம் திருப்பும். பக்கத்துக் கடையில் சாமான்களை எல்லாம் அடுக்கி முடித்துவிட்டுப் பெயர்ப்பலகையை மாற்றுவது போன்றது இது. வாடிக்கையாளர் பாதி அடுக்கிய கடைக்குள் ஒருபோதும் நுழைவதில்லை.

ஒத்திகைத் தளம் பற்றி ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர்களின் உண்மையான பெயர், தொலைபேசி இலக்கம், கடன் விபரங்களை அப்படியே அங்கு பிரதி செய்ய வேண்டாம். ஒத்திகைத் தளத்துக்குப் பாதுகாப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது நாட்டில் நிறைவேற்றப்பட்டிருப்பதையும் மறந்துவிடக் கூடாது. கற்பனைப் பெயர்களே போதும்.

திரும்பி வரும் வழி

எவ்வளவு பரிசோதித்தாலும் ஏதாவதொன்று தப்பி வரும். அப்போது பழைய நிலைக்கு எவ்வளவு நேரத்தில் திரும்பலாம் என்பதே கேள்வி. மேலே சொன்ன முறையில் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருப்பதால், வாசலை மீண்டும் அதன் பக்கம் திருப்பினால் போதும். ஒரு நிமிட வேலை.

ஆனால் தரவுகள் அப்படியல்ல. புதிய மென்பொருள் காலை 9 மணிக்கு வந்தது; 11 மணிக்குப் பிழை தெரிந்தது. அதற்கிடையில் நாற்பது பில்கள் போடப்பட்டுள்ளன. காலையில் எடுத்த பிரதியைத் திருப்பிப் போட்டால் அந்த நாற்பது பில்களும் மறைந்துவிடும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் தரவுகளின் அமைப்பை ஒரே தடவையில் மாற்ற மாட்டார்கள். புதிய பகுதியை முதலில் சேர்ப்பார்கள். பழையதும் புதியதும் சில நாட்கள் சேர்ந்தே இருக்கும். எல்லாம் சரி என்று உறுதியான பின்னரே பழையதை நீக்குவார்கள்.

திரும்பி வருவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். தண்டவாளம் தெரியாமல் பின்னால் போனதால்தான் நைட் கெப்பிட்டலின் நட்டம் கூடியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒத்திகைத் தளத்தில் பழைய நிலைக்குத் திரும்பிக் காட்டும்படியும், எடுத்து வைத்த பிரதியிலிருந்து தரவுகளை மீட்டுக் காட்டும்படியும் கேளுங்கள். மீட்டுப் பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத காசுக்கட்டு போன்றது.

பல கிளைகள் உள்ளவர்கள் முதலில் ஒரு கிளையில் மட்டும் புதிய மென்பொருளைப் போட்டு ஒரு நாள் ஓட விடுவது நல்லது. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பித்தலால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் தடுமாறின. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதால்தான் பிழை அவ்வளவு தூரம் போனது.

செலவு எவ்வளவு?

கருவிகளுக்கான செலவு நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. கிட்ஹப் சேவையின் இலவசத் திட்டத்திலேயே தனிப்பட்ட களஞ்சியங்களுக்கு மாதம் 2,000 நிமிடம் பரிசோதனைகளை ஓட்ட இடமுண்டு. ஒரு தடவை ஓட்ட ஐந்து நிமிடம் எடுத்தால் மாதம் 400 தடவைகள். சிறிய கடைக்கு இது தாராளம். ஒத்திகைத் தளத்துக்கு ஒரு சிறிய சேர்வர் வேண்டும்.

உண்மையான செலவு தம்பியின் நேரம்தான். பரிசோதனை எழுதுவதற்கும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். விலை பேசும்போது இதைக் குறைத்துவிட்டு, பின்னர் "ஏன் செய்யவில்லை" என்று கேட்பது நியாயமாகாது. அதேநேரம் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யவும் தேவையில்லை. மேலே உள்ள பத்துக் கணக்குகளோடு ஆரம்பியுங்கள். அதன்பின் ஒரு விதியை மட்டும் வையுங்கள்: எந்தப் பிழை தெரிய வந்தாலும், அதைப் பிடிக்கும் பரிசோதனையை முதலில் எழுத வேண்டும், பிறகுதான் பிழையைத் திருத்த வேண்டும். ஒரு வருடத்தில் உங்கள் கடையின் அனுபவம் முழுவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். தம்பி வெளிநாடு போனாலும் அது கடையிலேயே இருக்கும்.

இது எல்லோருக்கும் தேவை என்று நான் சொல்லவில்லை. ஷொப்பிஃபை போன்ற ஆயத்தத் தளத்தை அப்படியே பாவிப்பவருக்கும், முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் மட்டும் ஓடர் எடுப்பவருக்கும் இதில் செய்வதற்கு அதிகம் இல்லை. வேர்ட்பிரஸ், வூகொமர்ஸ் பாவிப்பவர்கள், இணைப்புச் செருகிகளைப் புதுப்பிக்க முன்னர் பிரதி எடுப்பதையும் ஒத்திகைத் தளத்தில் பார்ப்பதையும் மட்டுமாவது வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தனியாக மென்பொருள் எழுதிப் பாவிப்பவர்களுக்கே முழு முறையும் அவசியம்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

கணினி அறிவு இல்லாத முதலாளியும் பின்வரும் கேள்விகளைக் கேட்கலாம். பதில்களை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

1. நிரல் களஞ்சியம் யாருடைய பெயரில் இருக்கிறது? அது உங்கள் நிறுவனத்தின் கணக்கில் இருக்க வேண்டும். டொமைன் பெயரும் சேர்வரும் அவ்வாறே.

2. எத்தனை பரிசோதனைகள் இருக்கின்றன? எனக்கு முன்னால் ஓட்டிக் காட்ட முடியுமா?

3. ஒரு பரிசோதனை சிவப்பானால், அதையும் மீறி யாராலாவது மென்பொருளை மாற்ற முடியுமா?

4. கடைசியாக எப்போது, என்ன மாற்றம் செய்யப்பட்டது? பதிவைக் காட்ட முடியுமா?

5. பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் எடுக்கும்?

6. தரவுப் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?

7. கடவுச்சொற்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றனவா? அவை தனியாக, பாதுகாப்பாக வைக்கப்பட வேண்டும்.

இக்கேள்விகளைத் தம்பியை மடக்குவதற்காகக் கேட்கக் கூடாது. திறமையான ஒருவர் இவற்றைக் கேட்டு மகிழ்வார். பல தடவை அவர்களே இதைச் செய்ய விரும்பியிருப்பார்கள். நாம்தான் 'அதெல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் ஓட வையுங்கள்' என்று அவசரப்படுத்தியிருப்போம்.

இன்னொரு நடைமுறையும் நல்லது. பெருநாளுக்கு முந்திய இரு வாரங்களிலும், வருட முடிவிலும், வியாழக்கிழமை இரவுகளிலும் அவசியமில்லாத எந்த மாற்றத்தையும் செய்ய விடாதீர்கள். பிழை தெரிந்தால் திருத்துவதற்கு ஆள் இருக்கும் நாளில், காலையில் செய்யச் சொல்லுங்கள்.

முதல் வேலை கணினியில் இல்லை. ஒரு தாளை எடுத்து உங்கள் கடையில் அடிக்கடி தகராறு வரும் பத்து பில்களை எழுதுங்கள். பக்கத்தில் சரியான விடையை எழுதுங்கள். கணக்காளரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள்தான் உங்கள் மென்பொருளுக்கான படிக்கல். அதைத் தம்பியிடம் கொடுத்து, இனி எந்த மாற்றமும் இந்தப் பத்தையும் தாண்டித்தான் கடைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.